மேடத்தை வழியனுப்பிய கதை

கப்பல் கிளம்பும்போது அதற்குள் இருக்க வேண்டியவர்கள் இரண்டு வகை. பயணம் போகிறவர்கள், கப்பலை ஓட்டுகிறவர்கள். நான் ஒருமுறை இந்த இரண்டிலும் சேராமல் உள்ளே இருந்தேன். சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிறவியிலேயே ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்படிக்குப் போய் 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்டு மனைவி மல்லிகாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ரகம். பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டுக்கு நடுவில் போய் நின்று, பஸ்ஸையே நிறுத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் முப்பத்தெட்டு வயதில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னப் பெண்ணிடம் வேலை கற்றுக்கொள்ளப் போனால் என்ன ஆகும்? போனேன். ஆனது.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கல்யாணம் செய்துகொண்டு போர்ட் பிளேருக்கு வந்தவன். மாமனாருக்கு ஜங்லிகாட்டில் ஹார்டுவேர் கடை. வந்த நாளிலிருந்து அந்தக் கடையில் ஆணி எடை போட்டேன், பெயின்ட் கலக்கினேன், பைப்புக்கு அளவெடுத்தேன். மாமா நல்ல மனிதர்தான். ஆனால் எந்த வாடிக்கையாளர் வந்தாலும் என்னைக் காட்டி, "நம்ம மாப்பிள்ளை, கடையப் பாத்துக்கிறாப்ல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் பார்வை என் மேல் இருக்காது, கடை மேல்தான் இருக்கும். ஒருநாள் எனக்கு மூச்சு முட்டியது. ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்கு எழுதிப் போட்டேன். ஆறு மாதம் பயிற்சி, அதற்குப் பிறகுதான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். மாமா மறுப்பு எதுவும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருந்த முக்காலியை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். கேட்டவர்களிடம், "வந்துருவாப்ல" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை ஓட வைத்தது. எந்தப் பாடுபட்டாவது நிரந்தரமாகிவிட வேண்டும். அந்த முக்காலியில் மறுபடி உட்காரக் கூடாது.

ஏஜென்சியில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மென்டாரைக் கொடுப்பார்கள். வேலை சொல்லிக்கொடுக்க, தப்பு செய்தால் தாங்கிப் பிடிக்க, கடைசியில் 'இவன் தேறுவான், தேறமாட்டான்' என்று மேனேஜரிடம் சொல்ல. எனக்கு வாய்த்தவர் தர்ஷினி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பத்துப் பெண். சென்னையிலிருந்து வருகிற சரக்குக் கப்பலில் எந்த மூட்டை எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கேப்டனிடம் ஹிந்தி, ஆபீஸில் இங்கிலீஷ், கூலிக்காரர்களிடம் வங்காளம், என்னிடம் தமிழ். நான் அவரை 'மேடம்' என்றேன். அவர் என்னை 'அண்ணே' என்றார். மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். நான் விடவில்லை. மரியாதை குறைந்தால் மார்க் குறையுமோ என்று பயம்.

மல்லிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தங்கச்சி வயசுப் பொண்ணுகிட்ட டியூஷனா? ஹோம்வொர்க் உண்டா?" என்று கேட்டாள். நான் ஷாதிபூர் வீட்டு மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி போனில் படித்துக்கொண்டிருந்தேன். மென்டாரிடமிருந்து முழுப் பலனையும் பெறுவது எப்படி என்று உலகம் முழுக்க யார் யாரோ எழுதியிருந்தார்கள். கேள்வி கேள். கூடவே இரு. கவனித்துப் பார். அவருடைய நேரம் பொன் போன்றது, ஒரு நிமிடத்தையும் வீணாக்காதே. அடுத்த சந்திப்பு எப்போது என்று முடிவு செய்யாமல் எந்தச் சந்திப்பிலிருந்தும் எழுந்து போகாதே.

(இந்தக் கடைசி அறிவுரையை எழுதின ஆள் எந்த ஊர் என்று தெரிந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.)

மறுநாளிலிருந்து நான் தர்ஷினி மேடத்தின் நிழல். அவர் பால் இல்லாத டீ குடித்தார், நானும் குடித்தேன். வயிறு எரிந்தது, அதையும் கற்றலில் சேர்த்துக்கொண்டேன். அவர் ஆட்டோவில் ஏறினால் நானும் ஏறினேன், அது கராச்சர்மாவில் அவருடைய சித்தி வீட்டுக்குப் போகிற ஆட்டோவாக இருந்தபோதும். ஒருமுறை பேசிக்கொண்டே கூட நடந்ததில் பெண்கள் கழிவறை வரை போய்விட்டேன். (வாசல் வரைதான்.) கேப்டன்களோடு போனில் பேசும்போதெல்லாம் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். ஆஹா, நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பேசுகிற உத்தி இது என்று புரிந்துகொண்டு, நானும் கழற்றி வைத்துப் பேசினேன். பல வாரம் கழித்து அவரே கவனித்துவிட்டு, "ஒங்களுக்கும் வார் பட்டு அரிக்குதா அண்ணே?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் எனக்கு வேலை வராமல் இல்லை. ஒரு தடவை மழையில் கப்பல் தாமதமாகி, வெங்காய வியாபாரிகள் மொத்தமாக ஆபீஸுக்குள் புகுந்துவிட்டார்கள். மேடம் அன்று கப்பல் வந்து நிற்கும் ஜெட்டித் துறையில் இருந்தார். ஹார்டுவேர் கடையில் கோபக்காரர்களை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். எல்லோரையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒருவர் ஒருவராகப் பேச வைத்து அனுப்பிவிட்டேன். அதை ஒரு பெரிய விஷயமாகவே நான் நினைக்கவில்லை. மேடம் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் செய்தது எப்படிச் சரியாக இருக்கும் என்று அன்று ராத்திரி வேறு கவலைப்பட்டேன்.

பயிற்சி முடிகிற நேரம் வந்தது. திங்கட்கிழமை முடிவு சொல்வதாக மேனேஜர் தாஸ் பாபு சொல்லியிருந்தார். அதற்கு முந்தின சனிக்கிழமை மேடம் லீவில் கிளம்புகிறார். அம்மாவுக்குச் சென்னையில் கண் ஆபரேஷன். அம்மாவுக்கு விமானம் என்றால் பயம், அதனால் கப்பல். கப்பல் கரையை விட்டு விலகினால் சென்னை போய்ச் சேரும் வரை மூன்று நாள் சிக்னல் இல்லாமல் போன் எடுக்காது. அதாவது என் தலையெழுத்தை முடிவு செய்கிற நாளில், என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நடுக்கடலில் இருப்பார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: என்னைப் பற்றி மேனேஜரிடம் என்ன சொன்னீர்கள்? அந்த வாரம் முழுக்க அதைக் கேட்க வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது கேள்விதான் வெளியே வந்தது. "மேடம், கன்டெய்னர் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கேட்டேன். ஆறு மாதமாகத் திறந்துகொண்டிருந்த கதவு.

சரி, கப்பலுக்குப் போய் வழியனுப்பலாம், அங்கே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஏஜென்சி கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் ஏற்றுகிற வேலையையும் செய்ததால், ஜெட்டிக்குள்ளும் கப்பலுக்குள்ளும் போக எனக்கு பாஸ் இருந்தது. மேடத்துக்குச் சுமை வேறு நிறைய. போர்ட் பிளேரில் ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்று தெரிந்தால் போதும், தெருவே பார்சலோடு வந்துவிடும். அக்கா வீட்டுக்குக் கருவாடு, மச்சான் வீட்டுக்குத் தேங்காய், ஹாஸ்டலில் இருக்கும் பையனுக்கு முறுக்கு. எல்லாவற்றையும் நான் தூக்கிக்கொண்டேன். மல்லிகாவையும் மகள் நிலாவையும் ஸ்கூட்டரோடு கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மேடத்துக்கும் அம்மாவுக்கும் கீழ்த்தளத்தில் பங்க் படுக்கை. ஜன்னல் இல்லாத பெரிய கூடம். அடுக்கடுக்காகப் படுக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். மேலே ஃபேன்களின் இரைச்சல். நான் பார்சல்களை அடுக்கினேன். அம்மாவுக்குத் தலையணை வைத்தேன். பிறகு ஆரம்பித்தேன். தாஸ் பாபு கோபமாக இருந்தால் முதலில் விஷயத்தைச் சொல்வதா, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்வதா? சிமெண்ட் மூட்டை நனைந்து வந்தால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும்? (சிமெண்ட் விற்ற கடையிலிருந்து வந்தவன் கேட்கிற கேள்வியா இது?)

ஒலிபெருக்கியில் ஏதோ ஹிந்தியில் சொன்னார்கள். வழியனுப்ப வந்தவர்கள் இறங்க வேண்டுமாம். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் அது வழியனுப்ப வந்த சாதாரண ஜனங்களுக்கு, என்னைப் போன்ற பாஸ் வைத்திருக்கும் ஸ்டாஃபுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க எறங்கலியா அண்ணே?" என்றார் மேடம்.

"இதோ மேடம். ஒரே ஒரு சந்தேகம்."

அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அடுத்தது வந்தது. மேடம் பைக்குள் அம்மாவின் மாத்திரையைத் தேடியபடி பதில் சொன்னார். மறுபடி, "எறங்கலியா அண்ணே?" என்றார். மறுபடி, "இதோ" என்றேன். நிஜக் கேள்வி தொண்டை வரை வந்து நின்றுகொண்டிருந்தது. அடுத்து அதுதான், அடுத்து அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூலிக்காரர்களுக்குப் பண்டிகை லீவு எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டேன்.

கண்ணை மூடிப் படுத்திருந்த அம்மாதான் சொன்னார். "தம்பி, கப்பலு போகுது போல இருக்கே."

அதே நேரம் என் போன் அடித்தது.

"ஏங்க, கப்பல் கெளம்பிருச்சு. எங்க இருக்கீங்க?" என்றாள் மல்லிகா.

"கப்பல்ல."

 மறுமுனையில் நிலாவிடம் அவள் சொல்வது கேட்டது: "அப்பா சென்னைக்குப் போறாராம்டி."

நான் படிகளில் ஓடினேன். மேல்தளத்துக்கு வந்து பார்த்தால் ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீர். நிறையத் தண்ணீர். ஏறுபடியைத் தூக்கி வெகு நேரம் ஆகியிருந்தது. ஒரு கப்பல் அதிகாரியைப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஹிந்தியை எல்லாம் கொட்டினேன். அவர் என் பாஸைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். ஏஜென்சி ஆளா, ஏஜென்சி ஆளா என்று பலமுறை கேட்டார். கப்பலைத் துறைமுகத்தை விட்டு வெளியே கொண்டுபோய் விடுகிற பைலட் என்ற அதிகாரி, ஆழ்கடல் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் படகில் இறங்கிக் கரைக்குத் திரும்புவார். அவரோடு நானும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் சென்னைதான் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நொடி சென்னையைப் பற்றி யோசித்தேன். மூன்று நாள், போன் எடுக்காத கடல், மேடம் எங்கேயும் தப்பித்துப் போக முடியாது. எவ்வளவு கற்றுக்கொள்ளலாம்! அதிகாரி என் யோசனையைக் கண்டுபிடித்துவிட்டவர்போலக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பைலட் இறங்குவது கயிற்று ஏணியில். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும், கீழே படகு ஏறி ஏறி இறங்கும். எனக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, கழுத்தைப் பிடித்து வெளியே திருப்பிவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தேன். மேல்தளத்துக் கம்பி ஓரம் முழுக்கத் தலைகள். போர்ட் பிளேரிலிருந்து சென்னை போகிற கப்பலில் தெரியாத ஆள் எங்கே இருக்கப் போகிறார்? ஷாதிபூர் டீக்கடைக்காரர் இருந்தார். நிலாவின் கணக்கு டீச்சர் இருந்தார். மாமாவிடம் பைப் வாங்குகிற கான்ட்ராக்டர் குடும்பத்தோடு இருந்தார். எல்லோர் கையிலும் போன் இருந்தது, எல்லா போனும் என்னைப் பார்த்தே இருந்தது. அவர்களுக்கு நடுவில் தர்ஷினி மேடம், வாயில் கையை வைத்துக்கொண்டு.

பைலட் முதலில் இறங்கிப் படகில் நின்றார். நான் பாதி ஏணியில் இருந்தேன். கீழே பார்க்காதே என்று மேலே இருந்து ஒருவர் கத்தினார், கீழே பார்த்து இறங்கு என்று கீழே இருந்து ஒருவர் கத்தினார். அந்த இடத்தில், கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இப்போது கேட்காவிட்டால் இனி கேட்கவே முடியாது.

"மேடம்," என்று கத்தினேன், "என்னைப் பத்தி சார்கிட்ட என்ன சொன்னீங்க?"

 எல்லாத் தலைகளும் மேடத்தின் பக்கம் திரும்பின.

"நல்லாத்தான் சொன்னேன் அண்ணே," என்றார் அவர் அங்கிருந்து. "போன கெழமயே சொல்லிட்டேன். இதக் கேக்கத்தானா இவ்ளோ நேரம்?"

(கெழமை என்றால் அவர்கள் வீட்டில் வாரம். நான் ஒரு வாரமாகச் சாப்பிடாமல் தூங்காமல் அலைந்தது எல்லாம் வீண் என்று அர்த்தம்.)

அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த முக்காலியை யாரோ எடுத்துப் போட்டதுபோல இருந்தது. சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன். ஏணியில் தொங்குகிறவன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடக் கூடாது. ஒரு செருப்பு கடலுக்குள் போனது. நான் பைலட் மேல் போய் விழுந்தேன். மேலே கைதட்டல் கேட்டது.

படகில் பைலட் நனைந்த சட்டையை உதறிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, எந்தக் கம்பெனி என்பதுதான். வேறு கம்பெனி பெயரைச் சொல்லலாமா என்று நினைத்தேன். பாஸ் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அங்கேயே தாஸ் பாபுவுக்குப் போன் போட்டுப் பேசினார். அவ்வளவு நீளமான ஹிந்தியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடம் போன வாரமே வாங்கிக் கொடுத்துவிட்ட வேலையை, அது கிடைத்துவிட்டதா என்று கேட்கப்போய் நானே கெடுத்துக்கொண்டேன்.

ஒற்றைச் செருப்போடு கேட்டுக்கு வெளியே வந்தேன். வீடியோ எனக்கு முன்பே கரைக்கு வந்திருந்தது. மல்லிகா ஸ்கூட்டரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  வண்டியைக் கிளப்ப அவளுக்கு வெகு நேரம் ஆனது, சிரிப்பில் சாவி துவாரத்தில் நுழையவில்லை.

திங்கட்கிழமை தாஸ் பாபு என்னை எதிரில் நிற்க வைத்து அந்த வீடியோவைப் போட்டார். முடிந்ததும் மறுபடி போட்டார். பிறகு, கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவனுக்குக் கப்பல் கிளம்புவது தெரியாதா என்று ஹிந்தியில் கேட்டார்.  தர்ஷினி கரை சேரட்டும், அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்று அனுப்பிவிட்டார்.

கப்பல் சென்னை சேரும் வரை நான் பட்ட பாடு! வீட்டில் நிற்க முடியவில்லை, நடக்க முடியவில்லை. கால் தானாக என்னை ஜங்லிகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது.  என்னைப் பார்த்ததும் மாமா ஒரு துணியை எடுத்து முக்காலியைத் துடைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடையை விட்டு வெளியே வந்து, மரைன் பார்க் வரைக்கும் நடந்து, கடலைப் பார்த்து நின்றேன். எனக்கு அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயது ஆள் கடற்கரையில் அழுதால் ஜனம் வேறு மாதிரி நினைக்கும் என்பதால் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினேன்.

சென்னையில் கரை தெரிந்து போனில் சிக்னல் வந்ததும், அம்மாவைக்கூட எழுப்பாமல் மேடம் முதலில் தாஸ் பாபுவைக் கூப்பிட்டிருக்கிறார். என்ன பேசினார் என்பதைத் தாஸ் பாபுவே பிறகு என்னிடம் சொன்னார். வெங்காயக்காரர்களை அன்று தனியாகச் சமாளித்தது இந்த அண்ணன்தான், அவருக்கு எல்லா வேலையும் தெரியும், தனக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்ததையே இன்னும் ஆறு மாதம் என்னிடம் வந்து கேட்க விடாதீர்கள் சார், என்னால் முடியாது என்றாராம்.

வேலை நிரந்தரமானது. கப்பலில் ஏறும் பாஸ் மட்டும் பறிக்கப்பட்டது. தீவில் கப்பலில் ஏற அனுமதி இல்லாத ஒரே கப்பல் ஏஜென்சி ஊழியன் நானாகத்தான் இருப்பேன். மாமா அந்த முக்காலியை இப்போது தராசு வைக்கப் பயன்படுத்துகிறார். கடைக்கு வருகிறவர்களிடம், "மாப்பிள்ளை கப்பல் கம்பெனியில இருக்காப்ல" என்கிறார். கூடவே வீடியோவையும் காட்டுகிறார்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. விருந்தினரை வாசலில் நின்று வழியனுப்பும்போது என் பேச்சு கொஞ்சம் நீண்டால், "நீங்க எறங்கலியா?" என்று மல்லிகா உள்ளேயிருந்து கேட்பாள். மேடம் இப்போது சென்னை ஆபீஸில் இருக்கிறார். வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். எனக்கு ஏதாவது ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும். அவரும் பேச்சை முடிக்க, "எறங்கலியா அண்ணே?" என்றுதான் கேட்கிறார்.

போன கோடை லீவில் குடும்பத்தோடு சென்னைக்குக் கிளம்பினோம். அதே கப்பல், அதே கீழ்த்தளம், பங்க் படுக்கை. பார்சல்களை அடுக்கிவிட்டு, நிலாவுக்கு இயந்திரம் எங்கே இருக்கும், காற்று எப்படி உள்ளே வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் வழியனுப்ப வந்தவர்களை இறங்கச் சொன்னார்கள். நிலா கையில் முறுக்கோடு, மிகவும் அக்கறையாக என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க எறங்கலியா?"

பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யாரோ ஒருவர், "அரே, வீடியோவுல வந்த ஏணி அண்ணன்" என்று அடையாளம் கண்டுபிடித்தார். மல்லிகா போர்வையை முகத்தில் மூடிக்கொண்டு குலுங்கினாள். டிக்கெட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன்.